வெளிச்சத்தில் விழும் பள்ளங்கள்: நிறமாலையியல், முதலிலிருந்து

ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். போன் பேசிக்கொண்டே மறந்துவிட்டால் பொங்கி வழிந்து பர்னர் மேல் விழும். அதுவரை நீலமாக எரிந்த தீ அந்த நொடியில் படபடவென்று மஞ்சளாகும். அப்போது நாம் பிடிதுணியைத் தேடுகிற அவசரத்தில் இருப்போம், நிறத்தையா பார்ப்போம்? ஆனால் வேதியியலில் ஒரு பெரிய பிரிவே அந்த மஞ்சளில்தான் தொடங்குகிறது. ரசத்தில் போட்ட உப்பில் சோடியம் இருக்கிறது. தீயின் சூடு பட்டதும் அது தனக்கே உரிய ஒளியை உமிழ்கிறது. தூத்துக்குடி உப்பானாலும் மரக்காணம் உப்பானாலும் அதே மஞ்சள்தான்.

அடுப்பில் மஞ்சளைப் பார்த்தாலே சோடியம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பர்னர் துளை அடைத்துக்கொண்டு காற்று சரியாகக் கலக்காவிட்டாலும் தீ மஞ்சளாகத்தான் எரியும். அந்த மஞ்சள் வேறு. எரியாத கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வது அது, பாத்திரத்தின் அடி கறுப்பதும் அதனால்தான். கண்ணுக்கு இரண்டு மஞ்சளும் ஏறக்குறைய ஒன்று. ஏனென்றால் வந்து சேரும் நிறங்களை எல்லாம் கண் ஒன்றாகக் கலந்து, ஒரே பெயர் வைத்துவிடுகிறது. அந்தக் கலவையைப் பிரித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பிரிக்கப் பெரிய கருவி வேண்டாம். பரணில் பழைய சிடி ஒன்று கிடக்கும், எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டு பதிந்திருக்கும் சுருள் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டருக்குள் 600-க்கும் மேற்பட்ட கோடுகள். இவ்வளவு நெருக்கமான கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் பிரிந்து போகும். பள்ளிப் பாடத்தில் இதைக் கீற்றணி என்று படித்திருப்போம். அறை விளக்கை அணைத்துவிட்டு, சிடியைச் சாய்த்துப் பிடித்து, அதில் தெரியும் மெழுகுவத்தித் தீயின் பிம்பத்தைப் பாருங்கள். சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளி இல்லாமல் ஒரு பட்டை தெரியும். அது பழுத்த கரித்துகளின் ஒளி. அடுத்து, கேஸ் அடுப்பின் நீலத் தீயில் உப்புநீர் தோய்த்த கரண்டி நுனியைக் காட்டிப் பாருங்கள். பட்டை போய், தனியாக ஒரு மஞ்சள் மட்டும் பளிச்சென்று நிற்கும். பழைய டியூப்லைட்டைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: வெள்ளையாகத் தெரிகிற வெளிச்சத்துக்குள் ஒரு பச்சையும் ஒரு நீலமும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவை விளக்குக்குள் இருக்கும் பாதரசத்தின் கோடுகள். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும்.

இப்படிப் பிரித்து விரித்த ஒளிக்கு நிறமாலை என்று பெயர். அதைப் படித்துப் பொருளை அடையாளம் காண்பது நிறமாலையியல்.

சரியான சில்லறை

சோடியம் ஏன் மஞ்சளை மட்டும் உமிழ வேண்டும்? கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சிவப்பு என்று கலந்து கொடுக்கக் கூடாதா?

கூட்டம் நெரியும் டவுன் பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். "சரியான சில்லறை இருந்தா ஏறு, இல்லேன்னா எறங்கு" என்கிறவர். அணுவும் அந்த ரகம். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் நினைத்த ஆற்றலோடு இருக்க முடியாது. குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்கள் மட்டுமே அவற்றுக்கு உண்டு. ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு ஆற்றல் தேவையோ, துல்லியமாக அவ்வளவு கொண்டுவரும் ஒளித்துகளை மட்டும்தான் அணு ஏற்றுக்கொள்ளும். கூடக் கொடுத்தால் பாக்கி தராது, குறைத்துக் கொடுத்தால் கடன் சொல்லாது. திரும்பக் கீழே இறங்கும்போதும் அதே சில்லறையைத்தான் ஒளியாக வெளியே விடும். அணுவின் இந்தக் கறார்த்தனத்தை 1913-இல் ஹைட்ரஜனை வைத்து முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் டென்மார்க்கின் நீல்ஸ் போர்.

ஒளியின் ஆற்றல் அதன் அலைநீளத்தில் இருக்கிறது. அலை குட்டையாக இருந்தால் பெரிய நோட்டு, நீளமாக இருந்தால் சின்னக் காசு. ஊதா பெரிய நோட்டு, சிவப்பு அதைவிடச் சிறியது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இன்னும் சிறியது, ரேடியோ அலை வெறும் பைசா. சோடியத்தின் மஞ்சள் 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிற இரட்டைக் கோடு. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வேறெந்தத் தனிமத்துக்கும் இதே இடத்தில் இதே ஜோடி கிடையாது.

தீபாவளி மத்தாப்பில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு என்று மருந்தில் கலப்பதும் இந்தக் கணக்கில்தான். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி நிலாவின் தென்துருவப் பக்கத்தில் செய்ததும் இதே அடுப்படி வேலைதான். மண்ணில் லேசரைச் சுட்டு, ஒரு புள்ளியைக் கொதிக்கும் பிழம்பாக்கி, அதிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தது. கந்தகத்தின் கோடுகள் இருந்தன. மண்ணை அள்ளி ஊருக்குக் கொண்டுவராமலே விஷயம் தெரிந்துவிட்டது.

கறுப்புக் கோட்டில் எழுதியிருந்தது

உமிழும் ஒளியைப் படிப்பது பாதிக் கதைதான். வராமல் போன ஒளியைப் படிப்பது மீதி. எனக்குப் பிடித்தது இந்த மீதிதான்.

ஜெர்மனியின் பவேரியாவில் யோசப் ஃபிரான்ஹோபர் என்ற கண்ணாடிக் கைவினைஞர் 1814 வாக்கில் லென்ஸ் கண்ணாடியின் தரத்தைச் சோதிக்க, சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். வானவில் பட்டையில் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். எண்ணினால் 500-க்கு மேல் போனது. தடித்த கோடுகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளை வைத்தார். அவை என்னவென்று அவருக்கு விளங்கவில்லை, ஆனால் ஒவ்வொன்றின் இடத்தையும் பொறுமையாக அளந்து வைத்தார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த அளவுதான் சொத்து.

1835-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த், நட்சத்திரங்கள் என்னென்ன பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று அடித்துச் சொன்னார். அங்கே போய் எடுத்துவர முடியாதே, நியாயமான பேச்சுதான். அவர் இறந்து இரண்டே வருடத்தில் அது பொய்த்தது. 1859-இல் ஹைடல்பர்க்கில் குஸ்தாவ் கிர்க்காப், சூரிய ஒளியின் பாதையில் உப்புத் தீயை வைத்துப் பார்த்தார். மஞ்சள் கோடு கறுப்புக் கோட்டின் மேல் விழுந்து இரண்டும் சமனாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒளி மங்கலாக இருந்தபோது அப்படித்தான் ஆனது. சூரிய ஒளியை முழுதாக விட்டபோதோ, டி என்ற கறுப்புக் கோடு முன்னைவிடக் கறுத்தது. தீயில் இருந்த சோடியம் தனக்குரிய சில்லறையை வருகிற ஒளியிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டது. அப்படியானால் சூரியனைச் சுற்றியும் சோடியம் ஆவி இருந்து அதே வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கறுப்புக் கோடு என்பது வழியில் யாரோ எடுத்துக்கொண்ட ஒளி.

கிர்க்காப்பும் அவருடைய நண்பர் ராபர்ட் புன்சனும் இதை வைத்துப் புதிய தனிமங்களையே பிடித்தார்கள். 1860-இல் டியூர்க்ஹைம் ஊற்றுநீரின் எச்சத்தைத் தீயில் காட்டியபோது, தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் சேராத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. வான்நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து சீசியம் என்று பெயர் வைத்தார்கள். கோடு தெரிந்தது ஒரு துளியில், பொருளாகக் கையில் எடுக்கவோ 40,000 லிட்டருக்கு மேல் ஊற்றுநீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. கிடைத்த சீசியம் உப்பு ஏழு கிராம் சொச்சம்.

அடுத்த பெரிய கதை நம் பக்கத்தில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து பியர் ழான்சன் குண்டூருக்கு வந்து இறங்கியிருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவியோடு இருந்தார். அதே வானாய்வகத்தின் ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தார். சூரிய விளிம்பிலிருந்து எழும் பிழம்புகளின் நிறமாலையில் பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. சோடியம் என்றே முதலில் தோன்றும், நிறம் அப்படி. ஆனால் அளந்தால் 587.6. சோடியத்திலிருந்து ஒன்றரை நானோமீட்டர் தள்ளி, அதுவும் ஜோடி இல்லாமல். இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் இதைத் துருவிப் பார்த்து, பூமியில் காணாத ஒரு தனிமம் என்று முடிவுக்கு வந்தார். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் ஆனது. 27 வருடம் பலர் இதை நம்பவில்லை. 1895-இல் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைக் காட்டிய பிறகுதான் வாயடைத்தது. குண்டூரில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது ரொம்பவும் சுருக்கிய கதை. ஒன்றரை நானோமீட்டரை ஒன்றுமில்லை என்று ஒதுக்காமல் பலர் மல்லுக்கட்டியதால் வந்த கண்டுபிடிப்பு அது.

தனிமம் முடிந்தது, சேர்மம்?

இதுவரை பார்த்தது தனி அணுக்கள். தீயில் போட்டால் சேர்மம் உடைந்துவிடும், அணுக்கள் மட்டும் பேசும். சர்க்கரையா ஆஸ்பிரினா என்று தீயைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான். வித்தியாசம் எது எதோடு கைகோத்திருக்கிறது என்பதில். அந்தக் கைகோப்பை உடைக்காமல் விசாரிக்க வேண்டும்.

அதற்கு அகச்சிவப்பு ஒளி. மூலக்கூறில் அணுக்களைக் கட்டியிருக்கும் பிணைப்பு விறைத்த கம்பி அல்ல, எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தி. வீணை வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும், கனமான தந்தி மந்திரத்தில் ஒலிக்கும். பிணைப்பும் அப்படித்தான். இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பைவிட முறுக்கேறியது, வேகமாக அதிரும். ஹைட்ரஜன் மிக லேசான அணு, அது சேர்ந்த பிணைப்பு உச்ச ஸ்தாயியில் இருக்கும். குளோரின் போன்ற கனத்த அணு சேர்ந்தால் கீழே இறங்கிவிடும். இந்த அதிர்வுகளுக்குத் தேவையான சில்லறை அகச்சிவப்பில் இருக்கிறது. ஒளியின் அலைகளைச் சின்னதிலிருந்து பெரிதாக ஓட்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் சுருதி பொருந்துகிறதோ அங்கே மூலக்கூறு ஒளியைக் குடித்துவிடும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

அகச்சிவப்பு ஆட்கள் அலைநீளத்தைச் சொல்வதில்லை. ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்று எண்ணி, அதை அலைஎண் என்பார்கள். எண் பெரிதானால் சுருதி மேலே. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பு 3,200 முதல் 3,600 வரை. கார்பனும் ஹைட்ரஜனும் 2,900 பக்கம். கார்பன், ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 1,700 பக்கம். இந்த மூன்று எண்ணை வைத்தே பாதி ஆய்வகத்தை ஓட்டிவிடலாம்.

எப்படி என்று பார்ப்போம். நிறமில்லாத திரவம் உள்ள நான்கு குப்பிகள், லேபிள் நான்கும் ஈரத்தில் உரிந்துவிட்டது. எத்தனால், அசிட்டோன், அசிட்டிக் அமிலம், ஹெக்சேன் என்று தெரியும், எது எதுவென்று தெரியாது. மோந்து பார்க்கக் கூடாது என்பது சட்டம். முதல் குப்பியின் வரைபடத்தில் 3,300 பக்கம் தொன்னை மாதிரி அகலமான பள்ளம், 1,700-இல் சமதளம். எத்தனால். இரண்டாவதில் 3,300 பக்கம் வெறிச்சோடியிருக்கிறது, 1,715-இல் கிணறு மாதிரிக் குறுகி ஆழமான பள்ளம். அசிட்டோன். மூன்றாவதில் 1,710-இல் கிணறும் இருக்கிறது, 3,300-இலிருந்து 2,500 வரை நீண்டு இழுத்த பெரும் பள்ளமும் இருக்கிறது. அசிட்டிக் அமிலம்: மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு கிடப்பதால் பள்ளம் இப்படி அகன்று தொங்கும். நான்காவதில் 2,900-ஐ ஒட்டிக் கொஞ்சம், 1,460-இல் கொஞ்சம், அவ்வளவுதான். ஹெக்சேன். கவனித்தீர்களா, ஒரே ஒரு பள்ளத்தை வைத்து யாரையும் அடையாளம் சொல்லவில்லை. இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டையும் சேர்த்துத்தான். 1,500-க்குக் கீழே மூலக்கூறு முழுதும் சேர்ந்து ஆடும் அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பிக் கிடக்கும். அந்தப் பகுதிக்குக் கைரேகைப் பகுதி என்று பெயர். அங்கே ஒவ்வொரு பள்ளத்துக்கும் காரணம் தேடி மண்டையை உடைக்காமல், தெரிந்த பொருளின் வரைபடத்தோடு அப்படியே பொருத்திப் பார்த்துவிடுவோம்.

கருவி என்றால் சுளுவாக இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் எம்.எஸ்சி. சேர்ந்தேன். சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை விடாது. அதனால் திரவத்தை உப்பில் செதுக்கிய வில்லைகளுக்கு நடுவே வைப்பார்கள், உப்பு ஒளியைத் தடுக்காது. முதல் வாரமே, சுத்தமாக வைத்திருக்கிறேன் பேர்வழி என்று இரண்டு வில்லைகளையும் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். விளிம்பு மழுங்கி, மேல்பக்கம் சப்பிய கற்கண்டு மாதிரி ஆகிவிட்டது. வில்லையின் விலையை அட்டெண்டர் அண்ணன் என் காதில் மெதுவாகச் சொன்னார். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

திடப்பொருளுக்கு வேறு முறை. ஒரு பங்கு மாதிரியோடு நூறு பங்கு பொட்டாசியம் புரோமைடைச் சேர்த்துச் சின்ன அகேட் உரலில் அரைத்து, பிரஸ்ஸில் அழுத்தினால் ஒட்டுப்பொட்டு அளவில் மெல்லிய, கண்ணாடி போன்ற வில்லை வரும். நல்ல வெயிலில் நன்றாகத்தான் வரும். சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், வில்லை வெளுத்துப் பால்போல ஆகிவிடும். அப்படியொரு மழை நாளில் என் வரைபடத்தைப் பெருமையாக மேடத்திடம் நீட்டினேன். 3,400-இல் அருமையான பள்ளம், நான் தயாரித்த சேர்மத்தில் இருக்க வேண்டிய ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு.

மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "இது உன் சேர்மமா, சென்னைக் காத்தா?"

விழித்தேன்.

"1640-ல பாரு. தண்ணியா இருந்தா அங்கயும் ஒண்ணு இருக்கும்."

இருந்தது. சின்னதாக, ஆனால் இருந்தது. தண்ணீரில் ஒரு ஆக்சிஜனின் இரு புறமும் ஹைட்ரஜன் இருப்பதால், பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வோடு, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கையும் மடங்கி விரியும் இன்னொரு அதிர்வும் உண்டு. அது 1,640 பக்கம் விழும். சேர்மத்தில் தொங்கும் தனி ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிக்கு அந்தக் கத்தரி கிடையாது. வில்லையைக் காயவைத்து மறுபடி எடுத்தபோது 1,640 காணாமல் போய், 3,400 பாதியாக இளைத்திருந்தது. அந்த மீதிப் பாதிதான் என் சம்பாத்தியம்.

காற்று இன்னொரு விதத்திலும் மூக்கை நுழைக்கும். கருவியின் மூடியைத் திறந்து உள்ளே ஊதிவிட்டு ஓட்டினால் 2,350 பக்கம் இரட்டைப் பள்ளம் ஒன்று விழும். நம் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் நைட்ரஜனுக்கோ ஆக்சிஜனுக்கோ ஒரு அசைவும் இராது. ஒரே வகை அணு இரண்டு மட்டும் சேர்ந்த மூலக்கூறு அதிர்ந்தாலும், ஒளி பற்றிக்கொள்ள அதில் மின்சாரப் பிடிமானம் கிடையாது. துளியூண்டு இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன என்று ஜான் டிண்டால் 1859 முதல் லண்டனில் அளந்து காட்டியதற்கும், என் மூச்சு காட்டிய பள்ளத்துக்கும் காரணம் ஒன்றே.

பாக்கி கொடுக்கும் கண்டக்டர்

அணு பாக்கி தராது என்றேன். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டது, பாக்கி கொடுக்கும் ஒரு வழி. ஒளியை மூலக்கூறு விழுங்காமல் சிதறடிக்கிறது. பெரும்பாலும் வந்த நோட்டு அப்படியே திரும்பிப் போகும். கோடியில் ஒன்று என்கிற அபூர்வத்தில், மூலக்கூறு தன் அதிர்வுக்கு வேண்டிய காசை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பும். திரும்பும் ஒளியின் நிறம் சற்றே மாறியிருக்கும். பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் ஒளியை பென்சீனில் பாய்ச்சினால், 455.5 பக்கம் மெல்லிய புதுக் கோடு ஒன்று முளைக்கும். வித்தியாசத்தைக் கணக்கிட்டால் அலைஎண் 992. பென்சீன் வளையம் மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்கும் அதிர்வு அது. நோபல் பரிசு வந்தது 1930-இல்.

இதில் பெரிய வசதி: கண்ணாடி தடுக்காது, தண்ணீர் தொந்தரவு செய்யாது. இப்போது நான் வேலை பார்க்கும் மருந்து ஆலையில் மூலப்பொருள் வந்து இறங்கியதும், கைக்கு அடக்கமான ராமன் கருவியை பாலித்தீன் பைமேல் வைத்து அழுத்துவோம். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது லேபிளில் சொன்ன பொருள்தானா என்று தெரிந்துவிடும். தொல்லை ஒன்று உண்டு. மஞ்சள்தூள் மாதிரி லேசர் பட்டதும் தானே ஒளிரும் பொருளாக இருந்தால், அந்த ஒளிர்வின் வெள்ளத்தில் ராமன் கோடு மூழ்கிப்போகும். அப்போது லேசரையே அகச்சிவப்புப் பக்கம் நகர்த்த வேண்டும்.

என்ன பொருள் என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பது சில நேரம் முக்கியம். அதற்குப் பெரும்பாலும் புற ஊதாவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் போதும். டிகாக்ஷன் திக்காக இறங்கியிருக்கிறதா என்று டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறோமே, அதே சோதனைதான். ஆய்வகத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலக் குப்பியில் ஊற்றி, எவ்வளவு ஒளி தங்கிவிட்டது என்று எண்ணாகச் சொல்வார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலில் செய்வதும் அதுவே. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் 660 நானோமீட்டர் சிவப்பை அதிகம் விட்டுவிடும், 940 அகச்சிவப்பைக் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் நேர்மாறு. கருவி இரண்டையும் மாற்றி மாற்றி மினுக்கி விகிதம் பார்க்கிறது. தோலும் எலும்பும்கூடத்தான் ஒளியைக் குடிக்கும். ஆனால் அவை துடிப்பதில்லை. நாடியோடு ஏறி இறங்கும் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தத்தின் கணக்கு தனியாக வந்துவிடும் என்று 1970-களில் ஜப்பானின் தகுவோ ஆவோயாகி கண்ட சூட்சுமம் அது. அடர்ந்த நகப்பூச்சோ மருதாணியோ இருந்தால் எண் தடுமாறுவது எதனால் என்று இப்போது புரியும்.

ரேடியோ அலையைக் கொண்டு அணுக்கருக்களை விசாரிக்கும் காந்த முறை ஒன்றும் உண்டு. சேர்மத்தின் முழு வடிவத்தையும் வரைந்துகாட்டுவதில் அதற்கு ஈடில்லை. அதைத் தொட்டால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

நிலாவின் 3,400

2008-இல் கிளம்பிய சந்திரயான்-1-இல் நாசா கொடுத்த நிறமாலைக் கருவி ஒன்று இருந்தது. நிலா மண்ணில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அது பிரித்துப் பார்த்தது. 2009 செப்டம்பரில் முடிவு வெளியானது: 2.8 முதல் 3 மைக்ரோமீட்டர் வரையிலான இடத்தில் ஒரு பள்ளம், துருவங்களை நோக்கிப் போகப் போக ஆழமாகிறது. மூன்று மைக்ரோமீட்டரை அலைஎண்ணாக மாற்றினால் 3,300 சொச்சம். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் பழைய இடம். நிலாவில் நீர் என்று செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆராய்ச்சியாளர்கள் வார்த்தையை அளந்து பேசினார்கள். தண்ணீராகவும் இருக்கலாம், பாறைத் தாதுவில் ஒட்டிய தனி ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியாகவும் இருக்கலாம். அந்த ஒரு பள்ளத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

என் மேடம் கேட்ட அதே கேள்வி. பதிலும் அதே இடத்தில்தான், 1,640-இல், அதாவது 6.1 மைக்ரோமீட்டரில். சந்திரயான் கருவியின் எல்லை மூன்றோடு முடிந்துவிட்டது. தரையிலிருந்து பார்க்கலாம் என்றால் நடுவே நம் காற்றின் ஈரம், அதற்கும் அதே கோடு. ஆகவே போயிங் 747 ஒன்றின் பக்கவாட்டில் கதவு வெட்டி, 2.7 மீட்டர் தொலைநோக்கியை வைத்து, நீராவியில் 99 சதவீதத்துக்கு மேலே பறந்துகொண்டே நிலாவைப் பார்த்தார்கள். சோஃபியா என்பது அந்தப் பறக்கும் வானாய்வகத்தின் பெயர். நிலாவின் தெற்கே கிளாவியஸ் என்ற வட்டமான பெருங்குழியில், வெயில் படும் தரையில், 6.1-இல் கோடு இருந்தது. 2020 அக்டோபரில் அறிவித்தார்கள். கத்தரி ஆடும் மூலக்கூறு, சந்தேகமில்லாமல் தண்ணீர்தான். ஒரு கன மீட்டர் மண்ணைத் தோண்டிப் பிழிந்தால் சுமார் 350 மில்லி தேறும்.